வெட்டிய சம்பளம் எந்த வழியில் திரும்பும்? விமானிகள் சங்கங்களின் விவாதத்துக்கு ஒரு விளக்கம்

குமரி மாவட்டத்திலிருந்தும் தென்காசி, நெல்லைப் பக்கத்திலிருந்தும் வளைகுடாவுக்குப் போய் வருபவர்களில் பெரும்பாலோருக்கு விமான நிலையம் என்றால் திருவனந்தபுரம்தான். அதனால் 2024 மே மாதத் தொடக்கத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் கேபின் ஊழியர்கள் இருநூறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ‘உடம்பு சரியில்லை’ என்று விடுப்பு எடுத்து, கேரளத்தின் விமான நிலையங்களில் வரிசையாகச் சேவைகள் ரத்தானபோது, அதன் சூடு மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் சேர்த்தே பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் விஸ்தாராவின் விமானிகள் புதிய சம்பளத் திட்டத்தை எதிர்த்து இதே பாணியில் விடுப்பு எடுத்திருந்தார்கள். 2025 டிசம்பரில் இண்டிகோவின் சேவைகள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின.

இந்த மூன்றையும் ‘ஸ்டிரைக்’ என்ற ஒரே பெயரில் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. உண்மையில் மூன்றும் மூன்று வகை. முதலாவது, பதிவு பெற்ற ஒரு சங்கத்தின் பின்னணியில் நடந்த கேபின் ஊழியர் தகராறு. இரண்டாவது, சங்கத்தின் அறிவிப்பு ஏதும் இல்லாமல் விமானிகள் தாமாகக் காட்டிய எதிர்ப்பு. மூன்றாவதில் வேலைநிறுத்தமே இல்லை; ஓய்வு விதிகளுக்கு ஏற்ற எண்ணிக்கையில் ஆட்கள் இல்லாமல் போனதன் விளைவு அது. ஆனால் இவற்றைப் பேசும்போதெல்லாம் விமானிகள் சங்கங்களுக்குள் எழும் கேள்வி ஒன்றுண்டு. கொரோனா காலத்தில் வெட்டப்பட்ட சம்பளத்தை எப்படித் திரும்பப் பெறுவது, அதற்குச் சங்கம் எந்த வழியைப் பிடிக்க வேண்டும் என்பதே அது. மாதம் லட்சங்களில் வாங்குபவர்களுக்கு என்ன குறை என்ற எளிய எரிச்சலை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்த விவாதத்தில் எந்தத் தொழிலாளிக்கும் பயன்படும் விஷயங்கள் இருக்கின்றன.

சம்பளம் என்பதன் உள்ளே என்ன இருக்கிறது

விமானியின் மாத வருமானத்தில் பேஸிக் என்பது ஒரு பகுதிதான். பறக்கும் மணிக்கணக்குக்கு ஏற்பத் தரப்படும் ஃப்ளையிங் அலவன்ஸ், ஓட்டும் விமானத்தின் வகைக்கும் அனுபவத்துக்கும் தரப்படும் தனிப்படிகள், அகன்ற உடல் கொண்ட பெரிய விமானங்களுக்கான படி ஆகியவை சேர்ந்துதான் தொகை பெருகுகிறது. இதில் ஃப்ளையிங் அலவன்ஸை நிர்ணயிக்கும் எண்கள் இரண்டு. மணிக்கு எத்தனை ரூபாய் என்பது ஒன்று. விமானி பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதத்துக்கு எத்தனை மணி நேரத்துக்குப் பணம் உறுதி என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது எண்ணை உத்தரவாத மணிநேரம் என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். செய்திகளில் முதலாவது எண் மட்டும் பேசப்படுவதால்தான் குழப்பம் வருகிறது.

விமானிக்கு மாதந்தோறும் எத்தனை மணி நேரம் பறக்கும் வேலை கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. ரோஸ்டர் என்ற பணி அட்டவணையைப் போடுவது நிறுவனம். விமானம் பழுதுக்காக நின்றாலோ, சீசன் மந்தமானாலோ, பயிற்சிக்கு அனுப்பப்பட்டாலோ மணிக்கணக்கு குறையும். குமரி மேற்கில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவருக்கு இது சொல்லாமலே புரியும். மரத்துக்கு இத்தனை என்று கூலியை உயர்த்திக் கொடுத்தாலும், மழை பிடித்துக்கொண்டால் வெட்டு நாள் எத்தனை என்பதே வீட்டுச் செலவை முடிவு செய்கிறது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். இதில் வரும் ரூபாய்த் தொகை கற்பனையானது. மணிக்கணக்கும் விழுக்காடும் ஏர் இந்தியாவில் நடந்தவை.

1. மணிக்கு 5,000 ரூபாய், உத்தரவாதம் 70 மணி என்று வைத்துக்கொண்டால், மாதம் முழுதும் சும்மா இருந்தாலும் விமானிக்கு 3,50,000 ரூபாய் உறுதி.

2. கொரோனா காலத்தில் மணிவீதம் 35 விழுக்காடு வெட்டப்பட்டு, உத்தரவாதம் 20 மணியாக இறங்கியது. அப்போது உறுதியான தொகை 65,000 ரூபாய். தாளில் வெட்டு 35 விழுக்காடுதான். கைக்கு வரும் உறுதித் தொகையில் வெட்டு 81 விழுக்காடு.

3. இனி மணிவீதம் முழுமையாக, பழையபடி 5,000 ரூபாய்க்குத் திரும்புகிறது. உத்தரவாதம் மட்டும் 40 மணியில் நிற்கிறது என்று கொள்வோம். உறுதித் தொகை 2,00,000 ரூபாய். வெட்டை முழுதும் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று நிர்வாகம் சொன்னால் அது பொய்யில்லை. எங்கள் அடிப்படை வருமானத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இன்னும் வரவில்லை என்று சங்கம் சொன்னால் அதுவும் பொய்யில்லை.

4. வேலை நிறைய இருக்கும் மாதத்தில் அதே விமானி 70 மணி பறந்தால் பழைய தொகையே கிடைக்கும். இழப்பு கண்ணில் படாது. மந்தமான மாதத்தில்தான் அது தெரியவரும்.

நிர்வாகமும் சங்கமும் ஒரே தாளை வைத்துக்கொண்டு எதிரெதிர் முடிவுகளை அறிவிப்பதற்கு இந்த நான்காவது புள்ளியே காரணம்.

வெட்டு விழுந்த விதம்

2020-இல் அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியாவில் விமானிகளின் ஃப்ளையிங் அலவன்ஸ் 35 விழுக்காடும், ஸ்பெஷல் பே 40 விழுக்காடும், பெரிய விமானங்களுக்கான படி 40 விழுக்காடும் குறைக்கப்பட்டன. டாடா குழுமம் 2022 ஜனவரி 27 அன்று நிறுவனத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, அந்த ஏப்ரல் முதல் இவை படிப்படியாகத் திரும்பத் தொடங்கின. முதல் கட்டத்தில் ஃப்ளையிங் அலவன்ஸில் 20 விழுக்காடும், மற்ற இரண்டிலும் 25 விழுக்காடும் மீண்டன. இண்டிகோவிலும் 2020-இல் விமானிகளின் சம்பளம் 30 விழுக்காடு வரை வெட்டப்பட்டு, 2022 ஏப்ரலில் 8 விழுக்காடு உயர்த்தப்பட்டது.

இங்கே விழுக்காட்டுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. நூறு ரூபாயில் 30 விழுக்காடு வெட்டினால் எழுபது ரூபாய் மிஞ்சும். அந்த எழுபதை மீண்டும் நூறாக்க 30 விழுக்காடு உயர்வு போதாது. ஏறத்தாழ 43 விழுக்காடு வேண்டும். 40 விழுக்காடு வெட்டுக்கு ஈடு 67 விழுக்காடு உயர்வு. ஆகவே ‘30 வெட்டினார்கள், 8 கொடுத்தார்கள், இன்னும் 22 பாக்கி’ என்று கழித்துச் சொல்லும் தலைப்புச் செய்திகள் கணக்கில் தவறானவை. இதற்கு மேல் விலைவாசி ஏற்றம் வேறு. மீட்பு என்பது பழைய எண்ணா, பழைய எண்ணின் வாங்கும் சக்தியா என்பதில் சங்கத்துக்குள்ளேயே ஒற்றுமை இருப்பதில்லை.

2023 ஏப்ரலில் ஏர் இந்தியா புதிய சம்பளத் திட்டத்தை அறிவித்தபோது, இந்திய வணிக விமானிகள் சங்கம், இந்தியன் பைலட்ஸ் கில்டு ஆகிய இரண்டும் அதை மறுத்தன. மறுப்பின் மையம் உத்தரவாத மணிநேரம். கொரோனாவுக்கு முன் 70, கொரோனாவில் 20, புதிய திட்டத்தில் 40. இன்னொரு ஷரத்து வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை. என் பார்வையில் பணத்தைவிடக் கனமானது அதுதான். நான்கு ஆண்டு அனுபவம் உள்ள கேப்டன்களுக்கு ‘சீனியர் கமாண்டர்’ என்ற பதவி தந்து அவர்களை நிர்வாகப் பிரிவில் சேர்ப்பது அது. கேட்பதற்குப் பதவி உயர்வு. அதன் சட்ட விளைவு என்ன என்பதைக் கீழே காணலாம். 2024-இல் விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு இணைக்கும் வேலையில் அதே 40 மணிக் கணக்கு விஸ்தாரா விமானிகளுக்கும் வந்தது. அங்கே அதுவரை 70 மணி. ஏப்ரல் முதல் வாரத்து விடுப்பு அலைக்குக் காரணம் அதுதான். அதன் முடிவில் நிறுவனம் தன் அன்றாடச் சேவைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டது.

சட்டம் எவ்வளவு தூரம் விடுகிறது

சங்கம் எந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் என்பதைக் கோபத்தைவிட அதிகமாகச் சட்டம்தான் முடிவு செய்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் நெடுங்காலம் இதை ஆண்டது. 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், 2020 அதன் இடத்துக்கு வந்திருக்கிறது.

1. சங்கம் வைப்பது அரசமைப்பு தந்த அடிப்படை உரிமை. வேலைநிறுத்தம் செய்வது அப்படியல்ல. வங்கி ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-லேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. வேலைநிறுத்தம் சட்டம் தரும் உரிமை. சட்டம் போடும் எல்லைக்குள்தான் அது செல்லும்.

2. விமானப் போக்குவரத்துக்கு உரிய அரசு மத்திய அரசு. திருவனந்தபுரத்தில் நடக்கும் தகராறில் கேரளத் தொழிலாளர் துறையும் சரி, சென்னையில் இருக்கும் துறையும் சரி, சமரசம் பேச முடியாது. மத்தியத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகமே பேச வேண்டும். 2024 மே 9 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் தகராறு டில்லியில் தீர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

3. பழைய சட்டத்தில் விமானச் சேவை பொதுப் பயன்பாட்டுச் சேவை என்ற வகையில் இருந்ததால், 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்ற விதி அதற்குப் பொருந்தியது. புதிய சட்டம் அந்த 14 நாளை எல்லாத் தொழில்களுக்கும் விரித்திருக்கிறது. அதைவிட முக்கியமானது, சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள்வரையும் வேலைநிறுத்தம் கூடாது என்பது. நோட்டீஸ் கொடுத்தால் சமரச அலுவலர் பேச்சைத் தொடங்குவார். பேச்சு தொடங்கியதும் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகிவிடும். கதவு திறந்திருப்பதுபோல் தெரியும். நுழைந்தால் அடுத்த கதவு பூட்டியிருக்கும்.

4. பாதிக்குக் குறையாத தொழிலாளர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால், அதையும் வேலைநிறுத்தம் என்றே புதிய சட்டம் வரையறுக்கிறது. சட்டத்தின் வாசகம் தற்செயல் விடுப்பைத்தான் சொல்கிறது. நோய் விடுப்பைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இந்த இடைவெளி எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பதை நீதிமன்றங்கள் சொல்ல வேண்டும்.

5. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 விழுக்காடு தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கமே பேச்சுக்கு உரிய ஒரே சங்கம். யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால், 20 விழுக்காடாவது ஆதரவு உள்ள சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு அமைக்கலாம். சங்க அங்கீகாரத்துக்கு இரகசிய வாக்கெடுப்பு என்ற ஏற்பாட்டைக் கேரளம் 2010-இலேயே தனிச் சட்டமாகக் கொண்டுவந்தது; கேரள அரசுப் பேருந்துக் கழகமான கேஎஸ்ஆர்டிசியின் ஊழியர்கள் வாக்களித்துத் தங்கள் சங்கங்களைத் தேர்ந்தெடுப்பதை எல்லைக்கு இப்பால் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள்.

6. இந்தப் பாதுகாப்பெல்லாம் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவருக்கே. திறன் சார்ந்த வேலை, தொழில்நுட்ப வேலை செய்பவர் எத்தனை லட்சம் வாங்கினாலும் தொழிலாளர்தான். சம்பள உச்சவரம்பு மேற்பார்வையாளர்களுக்கு மட்டுமே. ஆனால் முக்கியமாக நிர்வாகப் பணி செய்பவர் வரையறைக்கு வெளியே போய்விடுவார்.

ஆறாவது புள்ளியைச் சீனியர் கமாண்டர் பதவியோடு சேர்த்துப் படித்தால் சங்கங்களின் அச்சம் விளங்கும். அனுபவம் மிக்க கேப்டன்கள் நிர்வாகத்தின் பட்டியலுக்குப் போய்விட்டால், சங்கத்தின் எண்ணிக்கை குறையும், 51 விழுக்காட்டுக் கணக்கு மாறும், பேச்சு மேசையில் உட்காரத் தகுதியுள்ள மூத்தவர்களே இல்லாமல் போவார்கள். பதவிப் பெயர் மட்டும் ஒருவரை நிர்வாகியாக்கிவிடாது, செய்யும் வேலைதான் அளவுகோல் என்று சட்டப்படி வாதிடலாம். அந்த வாதம் வெல்லச் சில ஆண்டுகள் ஆகும். சங்கம் அதுவரை தாங்க வேண்டும்.

சங்கத்துக்குள் மோதும் வழிகள்

முதல் வழி நேரடி வேலைநிறுத்தம். இந்திய அனுபவம் இதற்கு ஊக்கம் தருவதாக இல்லை. 2007-இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்த பின், சம ஊதியம் கேட்டு, பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளின் அமைப்பான வணிக விமானிகள் சங்கம் 2011 ஏப்ரல் இறுதியில் பத்து நாள் நிறுத்தம் செய்தது. சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு போயிங் 787 பயிற்சி யாருக்கு என்ற கேள்வியில், பழைய ஏர் இந்தியா விமானிகளின் அமைப்பான பைலட்ஸ் கில்டு 58 நாள் வேலைநிறுத்தம் செய்தது. நூறு பேருக்கு மேல் வேலை இழந்தார்கள், முடிவில் டில்லி உயர் நீதிமன்றத்தின் முன்பு போராட்டம் கைவிடப்பட்டது. இந்த இரண்டு போராட்டங்களிலும் ஒரு சங்கம் வேலைநிறுத்தம் செய்தபோது மற்றது அதில் சேரவில்லை; இரண்டின் நலன்களும் எதிரெதிராக இருந்தன. 2020-இன் வெட்டு அவற்றை ஒரே கடிதத்தில் கையெழுத்திட வைத்தது. வெட்டியவர்கள் எதிர்பாராத விளைவு இது.

இரண்டாவது வழி, கூட்டமாக நோய் விடுப்பு. வென்ற உதாரணம் உண்டு. 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸில் சங்கம் தொடங்கியதற்காக இரு விமானிகள் நீக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கான விமானிகள் ஐந்து நாள் நோய் விடுப்பில் போனார்கள். நீக்கப்பட்டவர்கள் திரும்ப எடுக்கப்பட்டார்கள். அங்கே கேட்டது ஒரே விஷயம், ஆம்–இல்லை என்று பதில் சொல்லக்கூடியது. சம்பளக் கட்டமைப்பு அப்படிப்பட்டதல்ல. நோய் விடுப்பில் போனவர் தான் போராடுவதாகவே ஒப்புக்கொள்ள முடியாது. ஒப்புக்கொள்ளாதவரோடு யார் உட்கார்ந்து ஒப்பந்தம் போடுவது? விஸ்தாராவில் சேவை சீரடைந்தது, பேச்சு நடந்தது. ஆனால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் கையெழுத்துப் பத்திரம் வரவில்லை. இதற்கு மாறாக எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்களுக்குச் சங்கம் இருந்தது, சமரச அலுவலர் முன் பேச ஆள் இருந்தது, நீக்கப்பட்ட 25 பேரும் திரும்ப எடுக்கப்படுவார்கள் என்ற இசைவு இரண்டே நாளில் வந்தது.

தமிழ்நாட்டுப் போக்குவரத்துக் கழகங்களில் வேலை செய்தவர்கள் ‘12(3) ஒப்பந்தம்’ என்று சர்வ சாதாரணமாகச் சொல்வார்கள். பழைய சட்டத்தின் அந்தப் பிரிவின்படி சமரச அலுவலர் முன் கையெழுத்தாகும் ஒப்பந்தம், கையெழுத்திட்ட சங்கத்தாரை மட்டுமின்றி அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளர்களையும், பின்னால் வேலைக்குச் சேர்பவர்களையும்கூடக் கட்டுப்படுத்தும். விமானிகளுக்கு வந்த 2022-ஆம் ஆண்டு மீட்பு நிர்வாகத்தின் சுற்றறிக்கையாக வந்தது. சுற்றறிக்கையில் வந்த சம்பளம் இன்னொரு சுற்றறிக்கையில் போகலாம். இன்று 60 விழுக்காட்டை ஒப்பந்தமாக வாங்குவது, நாளை 100 விழுக்காடு என்ற வாக்குறுதியை அறிக்கையாக வாங்குவதைவிட மேல் என்று சங்கங்களில் ஒரு தரப்பு வாதிட்டால், நான் அந்தத் தரப்பில்தான் நிற்பேன்.

மூன்றாவது வழி, விலகிப் போவது. ஏர் இந்தியா 2023 பிப்ரவரியில் 470 விமானங்களுக்கும், இண்டிகோ அந்த ஜூனில் 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. விமானம் வாங்கிவிடலாம், கேப்டனை உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். இண்டிகோவில் விமானிகளுக்கென்று பதிவு பெற்ற சங்கம் இல்லாத நிலையில், 2022 ஏப்ரலில் வேலைநிறுத்தத்துக்குத் திட்டமிட்டதாகச் சில விமானிகள் தற்காலிகமாக நீக்கப்பட்டார்கள். சில நாள்களில், ஆபத்துக் காலத்துக்கென ஒதுக்கப்பட்ட 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சம்பளத்தைப் பற்றித் திட்டும் குரல்கள் கேட்டதாகச் செய்தி வந்து, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ விசாரணை நடத்தியது. குறை சொல்ல முறையான இடம் இல்லாதபோது அது எங்கே போய் வெடிக்கிறது என்பதற்கு இதைவிட விசித்திரமான சான்று எனக்குத் தெரியாது. அந்த ஜூலை 2 அன்று இண்டிகோவின் உள்நாட்டுச் சேவைகளில் பாதிக்கு மேல் தாமதமாயின. ஊழியர் பலர் விடுப்பெடுத்து ஏர் இந்தியாவின் ஆள்சேர்ப்புக்குப் போனார்கள் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். நவம்பரில் அடுத்த சம்பள உயர்வு வந்தது.

இந்த வழிக்கும் கடிவாளம் உண்டு. 2017-இல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கேப்டன் ஓராண்டு, ஃபர்ஸ்ட் ஆபீசர் எனப்படும் துணை விமானி ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் விலக முடியும். 2023-இல் நோட்டீஸ் காலத்தை முடிக்காமல் 43 விமானிகள் வெளியேறியதாக ஆகாசா ஏர் நீதிமன்றம் ஏறியது. மேலும், விலகல் தனிமனிதனுக்கு உதவும், தங்குபவர்களுக்கு நேரடியாக உதவாது.

வெளிநாடுகளில் இது எப்படிப் போனது

அமெரிக்க அனுபவம் பொறுமைக்குப் பாடம், கூடவே எச்சரிக்கையும். 2001-க்குப் பின் வந்த நெருக்கடியில் டெல்டா விமானிகள் 2004-இல் 32.5 விழுக்காடு வெட்டை ஏற்றார்கள். நிறுவனம் திவாலான பின் 2006-இல் இன்னொரு 14 விழுக்காடு. இரண்டையும் சேர்த்தால் நூறு ரூபாய் 58 ரூபாயாகிறது. அது நூறாகத் திரும்ப 72 விழுக்காடு உயர்வு வேண்டும். இடையில் பல ஒப்பந்தங்கள் வந்துபோயின. விமானிப் பற்றாக்குறை உச்சத்தில் இருந்த 2023 மார்ச்சில்தான் நான்காண்டுகளில் 34 விழுக்காடு என்ற பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸின் கதை சங்க விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 2003-இல் திவாலைத் தவிர்க்க எல்லா ஊழியர்களும் சேர்ந்து ஆண்டுக்கு 180 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள். அதே நேரத்தில் மேலதிகாரிகளுக்குத் தக்கவைப்பு போனஸ் ஒதுக்கியது வெளியே வந்ததில் தலைமை நிர்வாகி பதவி விலக நேர்ந்தது. அந்தக் கசப்பில், முழு மீட்புக்குக் குறைவாக எதையும் ஏற்பதில்லை என்ற அணி விமானிகள் சங்கத்தில் வலுத்தது. அமெரிக்க ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் விமானிகளின் ஒப்பந்தம் காலாவதியாவதே இல்லை, புதியது வரும்வரை பழையதே தொடரும். ஆகவே இழுத்தடிப்பதால் நிர்வாகத்துக்கு நட்டமில்லை. பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2011 நவம்பர் 29 அன்று நிறுவனம் திவால் மனு போட்டது. அடுத்த ஆண்டு விமானிகளின் ஒப்பந்தத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றமே அனுமதித்தது. கடைசியில் சங்கம் போட்டி நிறுவனமான யுஎஸ் ஏர்வேஸ் பக்கம் சாய்ந்து, இணைப்பை ஆதரித்து, அதன் வழியே சம்பளத்தை உயர்த்திக்கொண்டது. முழு மீட்பு என்ற கோரிக்கையால் கிடைக்காதது, யார் முதலாளி என்ற கேள்வியில் தலையிட்டதால் கிடைத்தது.

ஆஸ்திரேலிய விமானிகள் 1989-இல் 29.47 விழுக்காடு கேட்டார்கள். அரசும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் ஏற்றிருந்த ஊதிய உச்சவரம்பு 6 விழுக்காடு. காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும் பறப்போம் என்று தொடங்கி, ஆகஸ்ட் 24 அன்று 1,600 பேருக்கு மேல் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். அரசு விமானப்படை விமானங்களை இறக்கியது, நிறுவனங்கள் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தன, சங்கம் தோற்றது. பலர் பழைய நிறுவனத்துக்குத் திரும்பவே இல்லை. ராஜினாமா செய்தவர் தொழிலாளர் தகராறில் இல்லை, வேலையில்லாதவர் பட்டியலில் இருக்கிறார் என்பதைச் சங்கம் கணக்கில் எடுக்கவில்லை.

தொலைவில் தேடாமலும் ஒரு முன்னுதாரணம் கிடைக்கும். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் போனஸை 20-க்குப் பக்கத்திலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தபோது, பெரும்பாலும் தமிழ் பேசும் பெண் தொழிலாளர்கள், எல்லாச் சங்கங்களையும் ஒதுக்கித் தள்ளி, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் 20 விழுக்காடு திரும்பியது: 8.33 போனஸாகவும், 11.67 கருணைத் தொகையாகவும். இந்தப் பிரிப்பைக் கவனிக்க வேண்டும்; பெரிய பங்கு, அடுத்த ஆண்டு கேட்கச் சட்ட உரிமை இல்லாத தலைப்பில் வந்தது. 232 ரூபாயாக இருந்த நாள்கூலியை 500 ஆக்கும் கோரிக்கை தோட்டத் தொழிலாளர் குழுவில் பழைய சங்கங்களின் கையெழுத்தோடு 301 ரூபாயில் முடிந்தது. தெருவில் வென்றவர்களுக்கு மேசையில் நாற்காலி இல்லை.

ஓய்வு விதி சம்பளப் பேச்சில் எப்படி நுழைகிறது

2024 ஜனவரியில் டிஜிசிஏ திருத்திய பணிநேர விதிகள் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. இரவுத் தரையிறக்கங்களை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்தன. நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போய், டில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டமாக அமலுக்கு வந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ சரிந்தது. 5-ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சேவைகள் ரத்து. அந்த நிறுவனத்துக்கு 2026 பிப்ரவரி 10 வரை சில விதிகளிலிருந்து விலக்குத் தரப்பட்டது.

விமானிகளுக்கு இது இரு பக்கமும் வெட்டும். ஒரே அட்டவணையை ஓட்ட அதிக விமானிகள் தேவைப்படுவதால் பேரம் பேசும் வலு கூடுகிறது. ஆனால் ஓய்வு கூடினால் பறக்கும் மணி குறையும். உத்தரவாதம் 40 மணியில் நிற்கும்போது குறையும் ஒவ்வொரு மணியும் சம்பளத்திலிருந்தே போகும். களைப்பைக் குறைக்க வந்த விதியை, பணத்துக்காக விமானியே வெறுக்கும் நிலை பாதுகாப்புக்கு நல்லதல்ல. உத்தரவாத மணிநேரக் கோரிக்கையும் ஓய்வுக் கோரிக்கையும் தனித்தனிக் கோப்புகளில் இருப்பது சங்கங்களின் பலவீனம் என்றே நினைக்கிறேன்.

பயணிக்கு இதில் என்ன

டிஜிசிஏ விதிப்படி, இரண்டு வார அவகாசம் தராமல் சேவையை ரத்து செய்தால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும். புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்புவரை சொல்லவே இல்லையென்றால், பயண நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் என்ற உச்சவரம்புகளுக்கு உட்பட்டு இழப்பீடும் உண்டு. ஆனால் நிறுவனத்தின் கையை மீறிய காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது; அந்தப் பட்டியலில் வேலைநிறுத்தமும் தொழில் தகராறும் இருக்கின்றன. ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில் இதற்கு மாறான முடிவை எடுத்தது. நிறுவனம் திடீரென அறிவித்த மறுசீரமைப்பை எதிர்த்து ஊழியர்கள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்தால், அது நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்தில் அடங்கியதுதான், பயணிக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. சம்பளத் தகராறின் செலவைப் பயணியின் தலையில் இறக்க முடியாதபோது, நிறுவனங்கள் மேசைக்குச் சீக்கிரம் வருகின்றன.

இங்கே அந்த நிலை வரும்வரை, விசா முடியும் தேதியோடு ஓடுபவர்கள் ரத்துச் செய்தியில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று பார்த்து அதைப் பத்திரப்படுத்த வேண்டும். ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்று மட்டும் எழுதிய நிறுவனம், பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் வேலைநிறுத்த விலக்கைக் கோரும்போது, அதன் சொந்தக் குறுஞ்செய்தியே அதற்கு எதிரான ஆவணமாகும். ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்தவர்கள், அந்தச் செய்தி ஏஜென்டின் எண்ணுக்குப் போகாமல் தங்கள் எண்ணுக்கே வரும்படி முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.